ஒருமுறை கொடுத்த ரத்தம், மறுமுறை கேட்க வேண்டிய சம்மதம்

கேள்வி: பரிசோதனைக்குக் கொடுத்த ரத்தத்தில் மீந்ததைக் கொட்டத்தானே போகிறார்கள்? அதை வேறோர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள மறுபடியும் எதற்குச் சம்மதம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு கிராமம் இருக்கிறது. சாலை கிடையாது, தபால் கோவேறு கழுதையின் முதுகில்தான் வந்து சேரும். அங்கே வாழும் ஹவாசுபாய் பழங்குடியினரைச் சர்க்கரை நோய் வாட்டியது. அதற்குக் காரணம் தெரியவரும் என்ற நம்பிக்கையில், 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் அவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் கையொப்பமிட்ட தாளிலோ, நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதாகப் பொதுவாக எழுதியிருந்தது.

2003இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்ட ஆய்வுரை ஒன்றுக்குப் போயிருந்த அக்குலப் பெண்ணொருவர், தங்கள் ரத்தம் வேறு ஆய்வுக்கும் பயன்பட்டிருப்பதைக் கேட்டு, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் மணம், முன்னோர் இடம்பெயர்ந்து வந்த வழி ஆகியவற்றையும் அந்த ரத்தத்தில் தேடியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்பும் மக்களிடம், நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் ரத்தத்தையே சாட்சியாக நிறுத்துவது எத்தனை பெரிய காயம்! வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்ததோடு, உறைய வைத்திருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கே பதில்: சில நூறு பேரே உள்ள குலத்தில் தனி ஆளின் பெயரை அழித்தாலும் குலத்தின் பெயர் அழியாது. அதற்காக, ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒவ்வொருவரையும் தேடிப்போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடையாளம் நீக்கிய மீதி மாதிரிகளுக்கு, நெறிமுறைக் குழு பரிசீலித்துச் சம்மதத்திலிருந்து விலக்கு அளிக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் அந்த முடிவு ஆய்வாளர் தன் வசதிக்குத் தானே எடுத்துக்கொள்ளக் கூடியதன்று.

அடுத்த முறை படிவத்தை நீட்டினால், 'எதிர்கால ஆராய்ச்சிக்கு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த நோய்க்காக, எத்தனை காலம், யார் கைக்குப் போகும், பிறகு வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.