அது பூஞ்சையே இல்லை: நுண்ணுயிர்கள் குறித்து ஒரு கேள்வி பதில்

வேளாண் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கோபி, ஈரோடு, உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. மனிதருக்கு வரும் காய்ச்சல், சளி பற்றிக் கேட்டவர்கள் மருத்துவரிடம் போகவும். மண், பயிர், புழு, மாடு இவை வரைக்கும்தான் என் எல்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு மாணவி: நுண்ணுயிர்களின் முக்கியப் பிரிவுகளை எழுதச் சொன்னார்கள். நீலப்பச்சைப் பாசியைப் பாசியில் சேர்த்தேன். மதிப்பெண் போய்விட்டது. பெயரிலேயே பாசி இருக்கிறதே சார்?

மதிப்பெண் போனது நியாயம்தான் அம்மணி. பெயர் வைத்தவர்கள் நிறத்தைப் பார்த்து வைத்தார்கள். நீ உள்ளே பார்க்க வேண்டும். நீலப்பச்சைப் பாசிக்கு உட்கரு கிடையாது, அதனால் அது பாக்டீரியா. அசோலா என்ற நீர்ப்பெரணியின் இலைக் குழிக்குள் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது இந்த வகையைச் சேர்ந்த அனபீனாதான்.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் என்ன சுவர் கட்டியிருக்கிறது என்று கேட்டுப் பார். பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கன். பூஞ்சையின் சுவரில் கைட்டின். வண்டின் ஓட்டில் இருக்கிற அதே பொருள். பச்சைப் பாசிகள் பெரும்பாலும் செல்லுலோஸ். அமீபா போன்ற புரோட்டோசோவாவுக்குச் சுவரே இல்லை. ஆர்க்கியா பார்வைக்குப் பாக்டீரியா போலத்தான் இருக்கும். ஆனால் சுவரில் பெப்டிடோகிளைக்கன் இல்லை, சவ்வின் கொழுப்பும் வேறு. அதைத் தனிக் குலமாகப் பிரித்துக் காட்டியவர்கள் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், 1977-இல். வைரஸ் செல்லே அல்ல. மரபுப்பொருளைச் சுற்றி ஒரு புரத உறை, அவ்வளவுதான்.

எந்த மருந்து எதைக் கொல்லும் என்பது பெரும்பாலும் இந்தச் சுவரிலும் உள்ளமைப்பிலும்தான் இருக்கிறது. இதை இன்னும் பத்து முறை சொல்லப் போகிறேன்.

உடுமலையிலிருந்து பட்டுப்புழு வளர்ப்பவர்: ஒரே மனையில் ஒரு முறை புழு வெள்ளையாகக் கட்டிப்போய்ச் சாகிறது, இன்னொரு முறை பாலாக ஒழுகிச் சாகிறது. ஒரே நோயின் இரண்டு நிலையா?

இரண்டும் வேறு வேறு நோய்கள். நுண்ணுயிர்ப் பிரிவுகளைப் படிக்கப் புழு மனையைப் போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

பாலாக ஒழுகுவது வைரஸ். புழு தழை தின்னாமல் தட்டின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வரும், கணுக்கள் உப்பும். விரல் பட்டாலே தோல் கிழிந்து வெண்ணிறத் திரவம் வரும். அந்தத் திரவத்தில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் பலமுகக் கற்கண்டு போன்ற புரதப் படிகங்கள் மின்னும். வைரஸ் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. மனைத் தூசியில் வருடக்கணக்கில் காத்திருந்து, தழையோடு புழுவின் வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள காரத்தில் படிகம் கரைந்து வெளியே வரும். அதனால் இதற்கு மருந்து என்று எதையும் வாங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கூடு எடுத்த பிறகு மனையையும் தட்டுகளையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்வதுதான் வழி.

சுண்ணாம்புக் கட்டியாகிச் சாவது பூஞ்சை, பிவேரியா பாசியானா. இது வாய் வழியாக வரவேண்டியதில்லை. அதன் வித்து (ஸ்போர்) தோலில் விழுந்து முளைத்துத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதற்கு ஈரம் வேண்டும். மழைக்காலத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவச் சொல்வது இதனால்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காய்கறிக்கு உயிரிப் பூச்சிக்கொல்லி என்று அடிப்பதும் இதே பிவேரியாவாக இருக்கலாம். மல்பெரித் தோட்டத்தை ஒட்டி அதைத் தெளிக்க வேண்டாம் என்று அவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

புழு தளர்ந்து, வாந்தி எடுத்து, கறுத்து நாறினால் பெரும்பாலும் பாக்டீரியா கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். நான்காவது, பெப்ரின். முன்பு புரோட்டோசோவாவில் வைத்திருந்தார்கள். இப்போது பூஞ்சையின் நெருங்கிய உறவு என்கிறார்கள். இது தாயிடமிருந்து முட்டை வழியாகவும் வருகிறது. 1865-இல் லூயி பாஸ்டர் பிரான்சில் பட்டுப்புழு நோயை ஆராயத் தொடங்கினார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார், வித்து தெரிந்தால் அந்த முட்டைகளைத் தள்ளிவிடு என்பது அவர் காட்டிய வழி. முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்தியூர்: அசோஸ்பைரில்லம் உயிர் உரப் பாக்கெட்டைப் பூஞ்சாண மருந்தோடு கலந்து விதைநேர்த்தி செய்யலாமா?

கலக்காதீர்கள். பூஞ்சாண மருந்தில் முதலில் நேர்த்தி செய்து, ஒரு நாள் கழித்து, விதைக்கும் முன் ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரத்தைக் கலந்து பூசி நிழலில் உலர்த்துங்கள். பாக்கெட்டை வண்டியின் பெட்டியில் வெயிலில் வைத்துவிட்டு டீக்கடையில் உட்காராதீர்கள். உள்ளே இருப்பது உயிர்.

மொடக்குறிச்சி: மஞ்சளில் கிழங்கு அழுகல். கடையில் சொன்ன கார்பெண்டசிம் மூன்று முறை வேரில் ஊற்றினேன். நிற்கவில்லை.

நிற்காது. கிழங்கு அழுகலுக்குப் பெரும்பாலும் காரணமான பித்தியம், பூஞ்சை போல வேடம் போட்டது. கைட்டினுக்குப் பதில் அதன் சுவரில் செல்லுலோஸும் குளுக்கனும் இருக்கின்றன. உறவுமுறை பார்த்தால் பழுப்புப் பாசிக்குப் பங்காளி. கார்பெண்டசிம் பூஞ்சையின் செல் பிரிவைத் தடுப்பது. பித்தியத்தை அது அசைக்காது. இதற்கு மெட்டலாக்சில் வகை வேண்டும். அதைவிட முதலில் வடிகால் எடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

(பெருந்துறையிலிருந்து மருந்துக்கடை வைத்திருப்பவர்: இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் படர்ந்தால் பூஞ்சைதான். வாத்தியார் ஏட்டுச் சுரைக்காய் காட்டுகிறார்.)

ஐயா, நூல் படர்வதால் பூஞ்சை என்றால், இறக்கை இருப்பதால் வௌவாலும் பறவைதான். என்னோடு சண்டை வேண்டாம், தோட்டத்தில் போய்ப் பாருங்கள். மஞ்சள் அழுகல் எங்கே தொடங்குகிறது? தண்ணீர் தேங்கும் பள்ளத்தில். பிறகு பாத்தியில் தண்ணீர் ஓடும் திசையிலேயே பரவுகிறது. காரணம், பித்தியத்தின் வித்து நீந்தும். சாட்டை வால் போன்ற இரண்டு கசையிழை வைத்து நீந்தும். பூஞ்சைக் குலத்தில் பயிரைத் தாக்குகிற பெரும்பாலானவற்றுக்கு இந்த வேலை தெரியாது.

(அவரே: அப்படியானால் காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றி நின்ற தோட்டங்களும் இருக்கின்றனவே?)

இருக்கும். தாமிரம் ஆள் பார்த்து அடிப்பதில்லை. பூஞ்சை, பித்தியம், பாக்டீரியா எல்லாவற்றையும் தொடும். அதை வைத்து இது பூஞ்சைதான் என்று சாதிக்க முடியாது. நீலகிரியில் உருளைக்கிழங்கைக் கருக்குகிற நோயும் பித்தியத்தின் சொந்தக்காரன்தான். 1845-இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் அதே. அந்தக் காலத்தில் அதையும் பூஞ்சை என்றுதான் எழுதினார்கள்.

(சத்தியமங்கலம்: அண்ணா, கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே. எங்கள் வயலில் கார்பெண்டசிம் ஊற்றியதும் நின்றது.)

ஊற்றிய வாரம் மழை விட்டிருக்கும். இல்லையென்றால் உங்களுக்கு வந்தது பித்தியமே அல்ல. மஞ்சள் கிழங்கை உண்மையான பூஞ்சைகளும் அழுக வைக்கும். அதனால்தான் நோயின் பெயர் தெரியாமல் மருந்தைத் திறக்காதீர்கள் என்கிறேன்.

ஆனைமலை: தென்னையில் கேரள வாடல் வந்துவிட்டது. பாக்டீரியா என்றார்கள். பென்சிலின் ஊசி போடலாமா?

பாக்டீரியா வகைதான், ஆனால் சுவரைக் கழற்றிப் போட்ட பாக்டீரியா. பைட்டோபிளாஸ்மா என்பார்கள். மரத்தின் உணவு போகும் குழாய்க்குள் வாழ்கிறது. பென்சிலின் செய்வது சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பது. சுவரே கட்டாதவனிடம் எதைக் கெடுக்கும்? டெட்ராசைக்ளின் வேறு வழியில் வேலை செய்வதால் கொஞ்ச நாள் அடக்கும், குணப்படுத்தாது. நிறுத்தினால் திரும்பி வரும். தோப்புக்கு அது கட்டுப்படியும் ஆகாது. பரப்புவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். அவற்றைக் கட்டுப்படுத்துங்கள், மரத்துக்கு உரமும் தண்ணீரும் குறையாமல் பாருங்கள், காய்ப்பு நின்றுபோன மரத்தை வெட்டி எடுங்கள்.

பவானி: பாஸ்போபாக்டீரியாவைப் பூஞ்சாண மருந்தோடு கலக்கலாமா?

அந்தியூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவையிலிருந்து ஓர் அம்மா: மார்கழியில் இட்லி மாவு பொங்குவதில்லை. ஈஸ்ட் போடலாமா?

வேண்டாம் அக்கா. மாவைப் பொங்க வைப்பதில் பெரிய பங்கு ஈஸ்டுக்கு இல்லை. லுகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா உளுந்தோடேயே வருகிறது. அதற்குக் குளிர்தான் பகை. பாத்திரத்தை அடுப்படியில் வையுங்கள்.

காங்கேயம்: கோமாரிக்கு ஆண்டிபயாடிக் போட்டால் நிற்குமா?

கோமாரி வைரஸ். ஆண்டிபயாடிக் அதைத் தொடாது. புண்ணில் பாக்டீரியா சேராமலிருக்கக் கால்நடை மருத்துவர் போடுவது வேறு கதை. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

சென்னிமலை: சாண எரிவாயு குளிர்காலத்தில் குறைகிறது. ஏன்?

மீத்தேன் செய்வது ஆர்க்கியா. கலனுக்குள் இருப்பவை 35 டிகிரி வாக்கில் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்ந்தால் சோம்பும். இன்னொன்று: பினாயில் ஊற்றித் தொழுவம் கழுவிய தண்ணீரைக் கலனுக்குள் விடாதீர்கள். ஆர்க்கியாவுக்குத் தீனி தயாரித்துக் கொடுப்பவை பாக்டீரியாக்கள். சமையல்காரன் செத்தால் பந்தி நடக்காது.

திருப்பூர்: சாயக் கழிவைத் தின்னும் பாக்டீரியாவை நொய்யலில் விட்டால் ஆறு சுத்தமாகுமா?

நிறத்தைச் சில பாக்டீரியாக்கள் உடைக்கும். உடைந்த துண்டுகள் சில நேரம் சாயத்தைவிடக் கெட்டவை. சாயக் கழிவிலுள்ள உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது.

நம்பியூர்: டிரைக்கோடெர்மாவைக் கார்பெண்டசிமோடு கலக்கலாமா?

டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை. கார்பெண்டசிம் பூஞ்சைக்கொல்லி. ஒரு கையில் காசு கொடுத்து வாங்கியதை மறு கையில் காசு கொடுத்துக் கொல்வானேன்? குறைந்தது பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். கலக்கலாமா என்ற கேள்விக்கு இனி பதில் இல்லை.

(பெருந்துறைக் கடைக்காரர் மறுபடியும்: நீந்துவதைக் கண்ணால் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.)

காட்டுகிறேன். இழுத்தால் கையோடு வந்துவிடுகிற செடியாகப் பார்த்து, அழுகலும் நல்ல பகுதியும் சேரும் இடத்தை விரற்கடை அளவு வெட்டி எடுங்கள். நாறிப்போன நடுப்பகுதி வேண்டாம். அங்கே வேறு கூட்டம் வந்து குடியேறியிருக்கும். பாலித்தீன் பையில் கட்டாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். தண்ணீர்த் தட்டில் ஓர் இரவு போட்டு வைத்தால் நூலின் நுனியில் சின்னக் குமிழ் புடைக்கும். அதற்குள் வித்துகள் துடிப்பது தெரியும், பிறகு குமிழ் உடைந்து நாலா பக்கமும் ஓடும். உடைகிற நேரம் நம் கையில் இல்லை, காலையிலேயே வந்துவிடுங்கள். மொடக்குறிச்சிக்காரரையும் கூட்டி வாருங்கள். மூன்று முறை மருந்துக்குக் காசு கொடுத்தவர் அவர்தான்.