180 வெள்ளி டிவி பெட்டியில் திருடனுக்கு என்ன லாபம்?

கேள்வி: இரவுச் சந்தையில் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்கினேன். எல்லாச் சேனலும் இலவசம் என்றார்கள். அதில் வைரஸ் இருக்கும், தூக்கிப் போடுங்கள் என்கிறான் மகன். நான் அதில் படம் மட்டும்தான் பார்க்கிறேன், வங்கிப் பக்கமே போவதில்லை. என்னிடம் திருட என்ன இருக்கிறது? – வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் வீட்டு இணைய இணைப்பு இருக்கிறதே, அதுதான் அவர்களுக்குச் சரக்கு. வெளிநாட்டு சர்வரிலிருந்து ஒருவன் ஆயிரம் போலிக் கணக்கு திறக்கப் பார்த்தால் இணையத்தளங்கள் உடனே தடுத்துவிடும். அதே வேலை ஜெலுத்தோங்கில் ஒரு குடும்பத்தின் வைஃபையிலிருந்து நடப்பதாகத் தெரிந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதனால் உங்கள் ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைப்பின் அடையாள எண்ணை, மற்ற குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். குற்றம் செய்பவன் எங்கோ இருப்பான், விசாரணையில் முதலில் தெரிவது உங்கள் இணைப்பு.

இன்னொரு வருமானமும் உண்டு. திரையில் தெரியாமல் பெட்டி தானே இணையப் பக்கங்களைத் திறந்து விளம்பரங்களைச் சொடுக்கும். விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் பணம் மோசடிக்காரனுக்குப் போகும். ஒரு பெட்டியில் சில சென்தான் தேறும், ஆனால் பெட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற நச்சுக் கருவி வலையமைப்பை நடத்தும் கும்பல்மீது கூகள் 2025 ஜூலையில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தபோது, சிக்கிய கருவிகள் 1 கோடிக்கும் மேல் என்றது.

இவற்றில் பல, கடைக்கு வருமுன்பே நச்சுநிரலோடு வருகின்றன. சிஸ்டத்துக்குள்ளேயே அது பதிந்திருப்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. கேள்விப்படாத பிராண்டு, 'எல்லாம் இலவசம்' என்ற விளம்பரம், கூகளின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்வது, பிளே ஸ்டோருக்குப் பதில் வேறொரு ஆப் கடை: இவற்றில் ஏதாவது இருந்தால் வைஃபையிலிருந்து கழற்றிவிடுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதே என்று நம்பவேண்டாம். அது கருவிக்கான சான்று, உள்ளே ஓடும் மென்பொருளுக்கு அல்ல. பிறகு வேறு கருவியிலிருந்து கூகள் கடவுச்சொல்லையும், ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

விற்றவர் பணம் திருப்பித் தர மறுத்தால், ரசீது இருந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டிகளை விற்பது 2022 முதல் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று முகநூல் விளம்பரத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நிறுவும் கோப்பு) ஒன்றை அனுப்பி, அதில் முன்பதிவு செய்து 10 வெள்ளி கட்டச் சொன்னார்கள். ஆப்பை நிறுவிவிட்டேன், பணம் இன்னும் கட்டவில்லை. ஆபத்தா? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஆபத்துதான், உடனே செயல்படுங்கள். அந்த 10 வெள்ளி தூண்டில். ஆப்பில் வரும் எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கிவழி பணம் கட்டும்) பக்கம் போலி. அங்கே நீங்கள் அடிக்கும் வங்கிக் கடவுச்சொல் நேராக அவர்களிடம் போகும். நிறுவும்போது எஸ்எம்எஸ் அனுமதி கேட்டிருக்கும், அதன்வழி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடான டேக் எண்ணைப் படித்துக்கொள்வார்கள். வங்கிகள் எஸ்எம்எஸ் டேக்கை விட்டு ஆப் ஒப்புதலுக்கு மாறியதால், இப்போது 'அக்சஸிபிலிட்டி' அனுமதியையும் கேட்கிறார்கள். அதைக் கொடுத்தால் உங்கள் திரையை அவர்களே இயக்கலாம்.

கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையையும் அணையுங்கள். வேறொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்து இணையக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள். திருடிய பணம் சில நிமிடங்களில் பல கழுதைக் கணக்குகளுக்கு (மோசடிப் பணத்துக்காக மற்றவர்கள் கொடுத்த வங்கிக் கணக்குகள்) பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். போலீஸ் புகார் கொடுக்கும்வரை போனை ரீசெட் செய்யவேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலும் ஏபிகே கோப்பும் ஆதாரம்.

இந்த நச்சுநிரலை எழுதியவன் ஒருவன், அதை வாடகைக்கு எடுத்து ஆள் பிடிப்பவன் இன்னொருவன், கணக்கைக் கொடுத்து கமிஷன் வாங்குபவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர். "உன் ஏடிஎம் கார்டைக் கொடு, மாதம் 300 வெள்ளி தருகிறேன்" என்று யாராவது உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் கொடுக்க விடாதீர்கள். 2024 அக்டோபர் இறுதியில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தத்தின்படி, கணக்கைக் கொடுப்பதே குற்றம்.