மல்ட்டிகாஸ்ட்: ஒரே தரவு பல வீடுகளுக்கு எப்படிப் போகிறது?

ஒருவர் அனுப்பும் தரவைக் கேட்டவர்களுக்கு மட்டும் ஒரே ஓட்டமாகக் கொண்டுசேர்ப்பதே மல்ட்டிகாஸ்ட். நாகர்கோவிலில் நூறு வீடுகள் ஒரே இணையத் தொலைக்காட்சிச் சேனலைப் பார்க்க, சென்னையிலிருந்து நூறு நகல்கள் வருவது வீண். பாதை பிரியும் இடத்தில் ரவுட்டர் (தரவை வழிப்படுத்தி அனுப்பும் கருவி) நகலெடுத்தால் போதும்.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய்களாகக் கிளைபிரிந்து, மடை திறந்த வயலுக்கு மட்டும் பாய்வதைப் போலத்தான். (தண்ணீர் பிரியப் பிரியக் குறையும், தரவு குறையாது. உவமைக்கும் எல்லை உண்டு.)

‘இந்தக் குழுவில் நானும்’ என்று வீட்டுக் கருவி அருகிலுள்ள ரவுட்டரிடம் சொல்லும். அந்த ரவுட்டர், தரவு புறப்படும் மூலத்தை நோக்கி மேலே கேட்டு, கிளையை இணைத்துக்கொள்ளும். மூலத்துக்குப் போகும் பாதை எதுவோ, அந்தப் பக்கமிருந்து வரும் தரவை மட்டுமே ரவுட்டர் ஏற்கும். இல்லையேல் நகல்கள் சுற்றிச் சுற்றிப் பெருகிவிடும்.

ஐபிவி4 என்ற இணைய முகவரி முறையில் 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரியை ஏதோ ஒரு கணினியுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது குழுவின் அடையாளம் மட்டுமே.