கேளுங்க சொல்றோம்: வலென்சியாவும் பன்னி எலும்பும்

கேள்வி: ஒரு ராஜா இன்னொரு ஊரைப் புடிச்சா அங்க இருந்த ஜனங்க என்ன ஆவாங்க? ஜெயிச்சவன் அவனுக்கு தோதாத்தானே எழுதி வச்சிருப்பான், நிஜத்த எப்படி சார் கண்டுபிடிக்கறாங்க? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நல்லா கேட்டீங்க. ஸ்பெயின்ல வலென்சியாவ எடுத்துக்குவோம். பல நூறு வருஷம் முஸ்லிம்கள் ஆண்ட ஊரு, 1238ல அரகோன்ங்கற கிறிஸ்தவ நாட்டு ராஜா முதலாம் ஜேம்ஸ் புடிச்சுட்டாரு. எந்த வீடு யாருக்கு, எந்த வயல் யாருக்குன்னு வந்தவங்களுக்கு பங்கு போட்ட பதிவேடு இன்னிக்கும் இருக்கு, அதை மட்டும் படிச்சா பழைய ஜனங்க மொத்தமா காலின்னுதான் தோணும். கோட்டைக்குள்ள இருந்தவங்கள வெளியேத்துனது உண்மைதான், மதில் சுவத்துக்கு வெளிய அவங்களுக்குன்னு ஒரு குடியிருப்பு விட்டாங்க, ஆனா கிராமப்பக்கம் ரொம்ப காலம் அவங்கதான் மெஜாரிட்டி.

இப்ப மண்ணைத் தோண்டி ஆராயறவங்க பாக்கற பழைய குப்பைக்குழிக்கு வாங்க. முஸ்லிம் காலத்து மண் அடுக்குல ஆடு எலும்பா கெடக்கும், பன்னி எலும்பு அபூர்வம். அதுக்கு மேல கிறிஸ்தவங்க குடியேறுன அடுக்குல பன்னி எலும்பு தாராளமா வர ஆரம்பிக்குது. பாத்திரமும் அப்படித்தான், முன்னாடி எல்லாரும் சுத்தி உக்காந்து கை போட்டு சாப்பிடற பெரிய அகலமான தட்டு, பின்னாடி ஆளுக்கொரு சின்ன கிண்ணம். எனக்கு கோட்டை கொத்தளத்த விட இந்த ஓட்டு சில்லுங்கதான் சுவாரஸ்யம், எவனும் பொய் சொல்றதுக்காக கிண்ணத்த ஒடச்சு போடமாட்டான் பாருங்க.

வாய்க்கால் கதை வேற. பழைய காலத்துல எப்படி தண்ணி பாஞ்சுதோ அப்படியே பாயட்டும்னு 1239லயே ராஜா உத்தரவு போட்டுட்டாரு. ஆனா வயல்வெளிய ஆராய்ஞ்சவங்க சொல்றது என்னன்னா, வந்தவங்க வாய்க்கால நீட்டி, சதுப்பு நிலத்த வடிச்சு, கோதுமையும் திராட்சையும்தான் ஜாஸ்தி போட்டிருக்காங்க, ஏன்னா குத்தகையா வசூல் பண்ண அதுதான் வசதி.

கேள்வி: அப்போ தங்குன முஸ்லிம்கள் பொழப்புக்கு என்ன பண்ணாங்க? (அதே வாசகி)

பதில்: விவசாயம், அப்புறம் மண்பாண்டம். பக்கத்துல பாட்டெர்னா, மனிசெஸ்னு ரெண்டு ஊரு. பாட்டெர்னால பச்சையும் பழுப்பும் கலந்து மீனு, பறவை, பொம்பளைங்க உருவம், புது எஜமானங்களோட குடும்பச் சின்னம்னு வரைஞ்சு குடுத்திருக்காங்க. மனிசெஸ்ல தங்கம் மாதிரி மினுக்கற மெருகு போட்டாங்க, அதுக்கு இத்தாலி வரைக்கும் கிராக்கி, இத்தாலியோட ஃபுளோரன்ஸ் நகரத்துல செல்வாக்கா இருந்த மெடிசி குடும்பத்தோட சின்னம் போட்ட ஜாடி ஒண்ணு இன்னும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. பின்னாடி இந்த முஸ்லிம்கள கட்டாயப்படுத்தி கிறிஸ்தவத்துக்கு மதம் மாத்துனாங்க, அதுவும் பத்தாதுன்னு 1609ல நாட்டை விட்டே தொரத்துனாங்க, மொத ஆளா வலென்சியாக்காரங்களத்தான். காலியான கிராமங்களுக்கு நிலச்சுவான்தாருங்க மறுபடி சாசனம் எழுதி புதுக் குடிகளக் கூட்டிட்டு வர வேண்டியதாப்போச்சு.