கோடை பறைப் பயிற்சி முகாம்கள்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

பங்குனி பிறந்ததுமே முகாம் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. பறை, ஒயில், கும்மி, சிலம்பம் என்று ஊருக்கு ஊர் நோட்டீஸ். எதில் சேரலாம், எவ்வளவு நாள் ஆகும், என்ன வாங்க வேண்டும் என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் இங்கே கேளுங்கள். நான் பறை அடிப்பவன், சொல்லிக்கொடுப்பவன். ஒயிலாட்டம் ஓரளவு தெரியும். மற்ற ஆட்டங்களுக்கு எங்கே போய்க் கேட்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி (சென்னை): மூன்று நாள் முகாமில் சேர்ந்தால் மேடையில் ஆடும் அளவுக்கு வந்துவிடுமா அண்ணா?

வராது தம்பி. மூன்று நாளில் குச்சி பிடிக்கப் பழகலாம். இரண்டு குச்சியும் சேர்ந்து விழுவது, அடிக்குச்சி மட்டும் விழுவது, சுண்டுக்குச்சி மட்டும் விழுவது என்ற மூன்று அடிகளும் புரியும். அவற்றை வைத்து எளிய அடவு ஒன்றிரண்டு ஆடிப் பார்க்கலாம்.

சிக்கல் இடது கையில்தான். வலது கையில் இருக்கும் அடிக்குச்சி குட்டையானது, கனமானது. முதல் நாளே சொன்னபடி கேட்கும். இடது கை பறையின் விளிம்பைத் தாங்க வேண்டும், அதே கையின் விரலிடுக்கில் நீளமான மெல்லிய மூங்கில் சுண்டுக்குச்சியையும் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை வீச வழியில்லை, விரல்தான் வேலை செய்தாக வேண்டும். அந்த விரல் சுண்டு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். கை சரியாக விழத் தொடங்கியதும் கால் நின்றுவிடும். காலைக் கவனித்தால் கை தடுமாறும். புதிதாக வருகிற எல்லோருக்கும் இது நடக்கும். வாரம் ஒரு நாள் என்று விடாமல் ஆறு மாதம் ஒரே ஆசானிடம் போனால், வரிசையில் நின்று மற்றவர்களைக் கெடுக்காமல் ஆடலாம்.

கேள்வி (திருப்பூர்): முகாமுக்கு முன்பே பறை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். இதை எல்லா ஆண்டும் சொல்கிறேன். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு வருபவர்களின் பறையில் பாதி, சுவரில் மாட்டத்தான் ஆகும். கட்டை பல துண்டாக வளைத்துச் சேர்க்கப்பட்டிருக்கும். சேருமிடத்தில் இரும்புத் தகடு ஆடக்கூடாது. தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டியிருப்பார்கள். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி பிடித்திருக்க வேண்டும். தோல் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் நாதம் சேராது. இதையெல்லாம் தட்டிப் பார்த்துச் சொல்ல ஆசான் உடன் வர வேண்டும். முதல் மாதம் முகாமில் கொடுப்பதை வைத்தே பழகுங்கள்.

கேள்வி (கரூர்): போன மாதம் தோலை இறுக்கத் தீயில் காய்ச்சும்போது என் பறையின் தோல் விளிம்பில் கிழிந்துவிட்டது. தீ அதிகமா?

தீ அதிகம் என்பதைவிடப் பறை தீக்குப் பக்கத்தில் போயிருக்கும், ஒரே இடத்தில் நின்றிருக்கும். வைக்கோலோ காய்ந்த ஓலையோ பழைய தாளோ போட்டு எரித்து, சுவாலை தணிந்த பிறகு காட்டுங்கள். பறையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் காட்டுவதைவிட விளிம்பைச் சுற்றிக் காட்டுவதில்தான் ரொம்பப் பேர் அவசரப்படுகிறார்கள். கட்டையோடு தோல் ஒட்டிய இடம் முதலில் காய்ந்து பிளக்கும். அவ்வப்போது வெளியே எடுத்து நடுவிரலால் சுண்டிப் பாருங்கள். தொளதொளவென்ற சத்தம் போய் இறுகிய, கூர்மையான சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நினைத்த இடத்தில்தான் தோல் போகும். மார்கழிப் பனியில் நிகழ்ச்சி என்றால் இடையிடையே திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும், அதற்கு ஆளும் வைக்கோலும் தயாராக இருக்கட்டும். மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். சிலர் ஹாலஜன் விளக்கின் முன்னால் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

கிழிந்த தோலை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். புதுத் தோல் கட்டுங்கள்.

கேள்வி (கோவை): தோல் வேண்டாம், ஃபைபர் பறை போதும் என்கிறார்களே?

மழையிலும் பயிற்சி செய்யலாம், காய்ச்ச வேண்டாம். வீட்டுப் பழக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்குத் தோல் பறைதான். தோல் கட்டும் கைவினைஞர்கள் இன்று மிகக் குறைவு, நாம் வாங்காவிட்டால் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

கேள்வி (சேலம்): என் மகளுக்குப் பத்து வயது. கரகாட்ட முகாம் ஒன்று சொல்லுங்கள்.

கரகம் என் துறை இல்லை அம்மா. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலும் ஜவகர் சிறுவர் மன்றத்திலும் விசாரியுங்கள். முதல் நாளே எடையுள்ள செம்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றும் இடமாக இருந்தால் சேர்க்காதீர்கள், கழுத்துக்கு ஆகாது.

கேள்வி (பெங்களூரு): தேவராட்டம் எங்கே கற்கலாம்?

அது பாட்டில்லாமல் உறுமிக்கு ஆடும் ஆட்டம். ராஜகம்பளத்து நாயக்கர் குடும்பங்களில் பரம்பரையாக வருவது. தூத்துக்குடி மாவட்டம் ஜமீன் கோடாங்கிபட்டிக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சேர்வதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (திருச்சி): பெண்கள் பறை அடிக்கலாமா?

தாராளமாக. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல ஆண்டுகளாக அடித்து ஆடி, பல நாடுகளுக்கும் போய் வந்திருக்கிறார்கள். இதைக் கேள்வியாக வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

கேள்வி (சென்னை): மூன்று நாள் முகாமில் ஓரளவு தேறிவிடலாம் அல்லவா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை, முகாம் நடத்துபவர்): மே மாதம்தான் எல்லோருக்கும் வசதி. ஆனால் நல்ல ஆசான்கள் தேதி தருவதில்லை. ஏன்?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

மாசியில் தொடங்கி ஆடி வரை அம்மன் கோயில் கொடை, திருவிழா, ஊர்வலம் என்று கலைஞர்களுக்குக் கை நிறைய வேலை. ஆண்டு முழுக்க அரிசி வாங்கும் பணம் இந்த மாதங்களில்தான் வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் முகாமுக்கு மூன்று நாள் வந்து நின்றால், அவர் குழுவே மூன்று ஊர்த் திருவிழாவை இழக்கும். ஆகவே வராமல் இருப்பது நியாயம்தான். யார் வருகிறார்கள்? போன ஆண்டு முகாமில் பழகியவர் இந்த ஆண்டு ‘பயிற்றுநர்’ என்று வருகிறார். நோட்டீஸில் பெரிய ஆசானின் படம் இருக்கும், கடைசி நாள் ஒரு மணி நேரம் வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு போவார்.

மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இதே கலைஞர்களின் பறை வீட்டு மச்சில் தொங்கும். திருவிழா கிடையாது. கட்டட வேலைக்குப் போவார்கள், அதுவும் மழையில் இருக்காது. முகாம்களை அந்த மாதங்களுக்கு மாற்றுங்கள். சனி, ஞாயிறுகளாகப் பிரித்து வையுங்கள். நல்ல ஆசான் கிடைப்பார், அவருக்கும் வருமானம் இல்லாத நாளில் வருமானம் கிடைக்கும். இந்த ஒன்றைச் செய்தாலே நம் முகாம்களின் தரம் மாறிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (சென்னை): நாங்கள் ஒரு நண்பர் குழு. முகாமில் பழகி, இப்போது கல்யாணங்களிலும் அடுக்ககப் பொங்கல் விழாக்களிலும் அடிக்கிறோம். பணம் வாங்குவதில்லை, கலைக்காகச் செய்கிறோம். பரம்பரைக் கலைஞர்கள் சிலர் எங்கள்மேல் வருத்தப்படுகிறார்கள். என்ன தவறு?

பணம் வாங்காததுதான் தவறு. நீங்கள் இலவசமாக நின்ற அந்த மண்டபத்தில், எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு கூலி வாங்கிக்கொண்டு நின்றிருக்கும். அடுத்த ஆண்டு அந்தக் குழு போய்க் கேட்டால், ‘போன தடவை சும்மாவே வந்தார்களே’ என்ற பதில் வரும். உங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவர்களுக்கு அதுதான் சம்பளம்.

கேள்வி (அதே குழுவில் இன்னொருவர்): அப்படியானால் பிறப்பால் வந்தவர்கள் மட்டும்தான் அடிக்க வேண்டுமா? அதுவும் சாதிதானே?

அப்படிச் சொல்லவே இல்லை. யார் வேண்டுமானாலும் கற்கலாம், ஆடலாம், நானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்பது கூலியைப் பற்றி. மேடை கிடைத்தால், நீங்கள் கற்றுக்கொண்ட ஊர்க் குழுவையும் சேர்த்து அழையுங்கள். கட்டணத்தைப் பேசி வாங்குங்கள், அதை அவர்களுக்குக் கொடுங்கள். நீங்கள் பின்வரிசையில் நில்லுங்கள். சாதியை ஒழிக்கப் பறை அடிக்கிறோம் என்பவர்கள், அந்தச் சாதியால் அடிபட்டவரின் சோற்றில் கை வைக்கக் கூடாது.

கேள்வி (விழுப்புரம்): என் அப்பா சாவுக்கு அடித்தவர். ஊரில் பட்ட அவமானத்தால் பறையைத் தொடாதே என்று என்னை வளர்த்தார். இப்போது என் அலுவலகத்தில் எல்லோரும் ஆசையாகக் கற்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா சொன்னதில் பிழையே இல்லை. தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுக்கும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன்’ என்று புறநானூற்றின் 335ஆம் பாட்டு பெருமையாகப் பேசுகிறது. அதெல்லாம் உண்மை. ஆனால் உங்கள் அப்பாவின் கையில் பறை வந்தபோது அது கட்டாய வேலை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் போயாக வேண்டும், கூலியைப் பேச முடியாது, செருப்புப் போட முடியாது. அதனால் பல ஊர்களில் இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டார்கள், உடைத்தார்கள், எரித்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். ‘அடிக்க மாட்டேன்’ என்று சொன்னது பெரிய போராட்டம். மேடையில் பறை அடிக்கிற எங்களைவிட அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை.

பிறகு அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் வந்தார்கள். ஊர்வலங்களிலும் கல்லூரிகளிலும் அடித்தார்கள். 2025இல் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பலர் அழுததைப் பார்த்தேன். இரண்டு வழியும் ஒரே வலியிலிருந்து வந்தவை.

நீங்கள் போகலாம், போகாமலும் இருக்கலாம். அலுவலகத்தில் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். ‘உனக்கு ரத்தத்திலேயே இருக்குமே’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது பாராட்டு இல்லை. அப்பா இருக்கிறார் என்றால் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன அடி அடித்தீர்கள் என்று கேளுங்கள். சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று எந்த முகாமிலும் இல்லாத அடிகள் அவர் கையில் இருக்கும். அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவாகாமல் இருப்பவர்கள் நிறைய.

கேள்வி (ஈரோடு): பெண்கள் பறை அடிப்பதற்குக் கோயிலில் தடை உண்டா?

பெண்களைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கோயில் வழக்கத்தை அந்தந்த ஊரில் கேளுங்கள்.

கேள்வி (சென்னை): முகாம் முடிவில் சான்றிதழ் தருவார்களா?

தருவார்கள். அதைக் காட்டி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (நாமக்கல்): முகாம் முடிந்ததும் முட்டி வலி. வயது முப்பதுதான் ஆகிறது.

சிமெண்டுத் தரையில் ஆடியிருப்பீர்கள். மாடியிலும் மண்டபத்திலும் வெறுங்காலோடு குதிக்காதீர்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். மண் தரையில் ஆடுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வைத்திருங்கள், சலங்கையை முதல் மாதம் கட்ட வேண்டாம். வலி பத்து நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (மதுரை, முகாம் நடத்துபவர் மீண்டும்): ஐப்பசிக்கு மாற்றலாம் என்று எங்கள் குழுவில் பேசிவிட்டோம். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

ரொம்ப மகிழ்ச்சி ஐயா. மேலே கூரையும் கீழே மண்ணும் உள்ள இடமாகப் பாருங்கள். பழைய நெல் களமோ பந்தல் போட்ட பள்ளி மைதானமோ போதும். மழை நாளில் தோல் சீக்கிரம் தொய்யும், ஆகவே வைக்கோலை இப்போதே வாங்கி நனையாத இடத்தில் கட்டிப் போடுங்கள். ஓர் ஆசானுக்குப் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், இடது கையைத் தனித்தனியாகப் பார்த்துத் திருத்த முடியாது. ஆசானோடு உதவிக்கு வருகிறவர்களுக்கும் கூலி தனியாக எழுதுங்கள். பாதிப் பணத்தை ஆவணியிலேயே முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். ஆடித் திருவிழாப் பணம் அதற்குள் கரைந்திருக்கும்.