பாலியஸ்டரைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: பீரோவில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் குர்த்தியும் ரேயான் நைட்டியும்தான். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, ஆர்கானிக் காட்டனாகப் புதிதாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே? - வாசகி, சேலம்

பதில்: வேண்டாங்க. புதுத்துணி எதுவானாலும் தண்ணீரும் சாயமும் இல்லாமல் வராது. ஒரே ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கே சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. சாயத்தைப் பற்றி உங்கள் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரைக்கும் போனது. அங்கே ஓடியதில் காட்டன் பனியன் சாயமும் உண்டு.

அதனால் இருப்பதை நைந்துபோகும்வரை போடுங்கள். கொடுத்துவிட்டால் மட்டும் பாலியஸ்டர் எங்கே போய்விடும்? கடைசியில் குப்பைமேடுதான், தண்ணீரை உறிஞ்சாததால் கரித்துணிக்குக்கூட ஆகாது. துவைக்கும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்கின்றன. நம் ஊர் வெயிலில் துவைக்காமல் போடச் சொன்னால் அடிக்க வருவீர்கள், சரி, மெஷின் நிறையும்வரை சேர்த்து வைத்துப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். நாலு துணிக்கு மெஷின் முழுக்கத் தண்ணீர் விட்டுச் சுற்றினால்தான் இழை அதிகம் உதிரும்.

அப்புறம், தெருமுனைத் தையல்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் ஜாக்கெட்டோ சுடிதாரோ உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம். ரெடிமேடில் அந்த வழியே இல்லை, அதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

வாங்கியே ஆக வேண்டிய நாளில் கைத்தறி வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி எப்போது என்று உங்களுக்கே தெரியும். "பியூர் காட்டன்" என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாமல், ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகி முண்டு முண்டாக இறுகினால் பாலியஸ்டர். ரேயானும் பருத்தி மாதிரியே எரிந்து ஏமாற்றும், அதற்கு லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. தெருவில் வரும் பழைய பட்டு வியாபாரியிடம் போட்டுவிடவா? - வாசகி, காரைக்குடி

பதில்: அவர் பார்ப்பது ஜரிகையில் இருக்கிற வெள்ளியை, உங்கள் அம்மாவை அல்ல. வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்தால் பட்டு அந்த இடத்தில்தான் விடும். மற்ற புடவைகளையாவது ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வையுங்கள். இந்தப் புடவையில் முந்தியும் கரையும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் பாவாடை சட்டைக்குத் தாராளமாகக் காணும். உள்ளே மெல்லிய காட்டன் லைனிங் கொடுக்கச் சொல்லுங்கள், அப்படியே தைத்தால் ஒரு தீபாவளிகூடத் தாங்காது.