பாய்மரப் படகில் புரொப்பல்லர் தண்டின் பேக்கிங்கை ஏன் மாற்ற வேண்டும்?

இன்ஜினிலிருந்து வரும் தண்டு, படகின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. அந்த வழியே தண்ணீர் ஏறாமல் தண்டைச் சுற்றி இறுக்கி வைக்கும் மெழுகு ஊறிய கயிறுதான் பேக்கிங். பழைய பித்தளைக் குழாய் ஒழுகினால் திருகுக்குள் பிளம்பர் நூல் சுற்றுவாரே, அதே வேலை.

தண்டு உரச உரச கயிறு தேய்ந்து, மெழுகு போய்க் கெட்டியாகிவிடும். அப்புறம் கயிற்றை அழுத்திப் பிடிக்கும் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பலனில்லை. தண்டில்தான் கீறல் விழும். மாற்றும்போது பழைய கயிற்று வளையங்களை ஒன்றுவிடாமல் தோண்டி எடுங்கள், இதில் மட்டும் அவசரமே கூடாது. புதுக் கயிற்றை ஒரே சுருளாகச் சுற்றாமல் தனித்தனி வளையங்களாக வெட்டி, இணைப்புகள் ஒரே கோட்டில் வராதபடி 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தவகைப் பேக்கிங்கில் தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழத்தான் வேண்டும், தண்டைச் சூடாகாமல் காப்பது அந்தத் தண்ணீர்தான்.